மூட்டை ஏறாத நூல்

அத்தியாயம் 6

“ஜெயிலுக்குப் போறவுகளுக்கு எத்தனை வேட்டி குடுத்துவிடணும் அண்ணாச்சி?”

ராக்கம்மாள் குரலில் அழுகை இல்லை. சந்தையில் கத்தரிக்காய் விலை விசாரிக்கிறவள் குரலில் கேட்டாள். அழுது முடித்துவிட்டுத்தான் படியேறியிருக்கிறாள் என்பது வீங்கிய கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

கேட்டது துப்பறிவாளர் அருஞ்சுனையிடம். அருப்புக்கோட்டைக் கடைவீதியில் ஒரு நூல்கடையின் மாடிதான் அவருடைய ஆபீஸ். வாசல் பலகையில் ‘துப்பறிவாளர்’ என்ற சொல்லில் ‘றி’ உதிர்ந்துபோயிருந்தது. வெற்றிலை போடுகிற சில புண்ணியவான்கள் அதைத் துப்புவதற்கென்றே ஒதுக்கிய இடம் என்று எடுத்துக்கொண்டு படிக்கட்டைச் சிவப்பாக்கியிருந்தார்கள். மனைவி தங்கம்மாள் இருந்திருந்தால் மறுநாளே பெயிண்டரைக் கூட்டிவந்து நிறுத்தியிருப்பாள். அவள் சித்திரையில் போய்விட்டாள். இப்போது புரட்டாசி.

அதிலிருந்து அருஞ்சுனைக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் மிளகாயும் உறைக்கவில்லை, ஊரார் சொன்ன ஆறுதலும் உறைக்கவில்லை. காப்பி ஆறிப்போனால் ஆறினதைக் குடித்தார். கேஸ் வந்தால் பார்த்தார். மூளை பாட்டுக்கு வேலை செய்தது, அவர் எங்கேயோ தள்ளி உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார்.

“ரெண்டு வேட்டி போதும்மா. அங்க என்ன, தீவாளியா கொண்டாடப் போறாரு?” என்றாள் கோகிலாம்பாள்.

இவள் அருஞ்சுனையின் உதவியாளர். காலையில் டைப் இன்ஸ்டிடியூட்டில் பாடம் நடத்துவாள். மற்ற நேரமெல்லாம் இங்கேதான். நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பாய் என்று கேட்டால் கையிலா, வாயிலா என்று திருப்பிக் கேட்கிற ரகம்.

“கோகிலம், சும்மா இரு” என்றார் அருஞ்சுனை. “நீ சொல்லும்மா.”

ராக்கம்மாளின் கணவன் பால்சாமி, காண்ட்ராக்டர் கோட்டைச்சாமியின் சிமெண்டு குடோனுக்குக் காவல்காரன், கீப்பர் எல்லாம். கோட்டைச்சாமிக்கு இரண்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒன்று, திருச்சுழிப் பக்கம் கண்மாய்க்கு மடை கட்டுகிற சர்க்கார் வேலை. இன்னொன்று, அருப்புக்கோட்டையிலேயே அவர் தனக்காகக் கட்டுகிற கல்யாண மண்டபம். இரண்டுக்கும் சிமெண்டு ஒரே குடோனிலிருந்துதான் போனது. மடைக் கணக்கில் ஏறிய சிமெண்டில் நாற்பது மூட்டை வந்து சேரவில்லை என்று மடைக் கொத்தனார் சொல்லிவிட்டார். சாவி பால்சாமியின் இடுப்பில் இருந்தது. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிற காலம் அது. நாற்பது மூட்டையை எவனுக்கோ விற்றுவிட்டான் என்று சொல்ல யாரும் யோசிக்கவே இல்லை.

இந்தத் திருட்டைத் துப்பறியும்படி அருஞ்சுனையிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போயிருக்கும் கோட்டைச்சாமி பொழுதடையும்போது திரும்புவார். வந்ததும் பால்சாமியைப் போலீஸில் ஒப்படைப்பதாகப் பேச்சு. அதுவரை குடோனில் உட்காரவைத்திருக்கிறார்கள். மனைவியைக்கூட உள்ளே விடவில்லை.

“இதை மட்டும் அவுக கையில சேத்துருங்க” என்று ராக்கம்மாள் ஒரு துணிமூட்டையை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று பார்த்து நாக்கைக் கடித்தாள். “மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி. எனக்குப் பொறந்ததுல இருந்தே எல்லாம் நொட்டாங்கைதான்.”

“பரவால்ல. எங்க அண்ணாச்சிக்கு இப்பக் கையே ரெண்டும் ஒன்னுதான்” என்றபடி கோகிலாம்பாள் மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

* * *

திருச்சுழி ரோட்டில், உடைமரங்களுக்கு நடுவில் தகரக் கூரையோடு நின்றது குடோன். வெயில் கூரையில் இறங்கி உள்ளே புழுங்கியது. புரட்டாசி பிறந்தும் மேகத்தைக் காணோம். கரிசல் வெடித்துக் கிடந்தது.

மானேஜர் சங்கரபாண்டியன் வரவேற்றார். மல்லாங்கிணற்றில் தலைமுறையாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிற குடும்பம். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவர். கடை அவரை விட்டுப் போகவில்லை. மேஜையில் தராசு இல்லாத குறைதான். அழித்து எழுதிய கவர், நுனி தேய்ந்த பென்சில், பொட்டலம் பிரித்த நூல்துண்டுகளை முடிந்து முடிந்து சுற்றிய ஒரு பெரிய உருண்டை, எல்லாம் வரிசையாக இருந்தன.

“உக்காருங்க அண்ணாச்சி. திருடன் அந்தா இருக்கான். கேளுங்க, வாயவே தெறக்க மாட்டேங்கிறான்.”

மூலையில் பலகைமேல் பால்சாமி இருந்தான். தலை நிமிரவில்லை. அருஞ்சுனைக்கு அந்த உட்காரும் விதம் பழக்கமானதாக இருந்தது. அவரும் வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

“நாற்பது மூட்டை குறையுதுன்னு எதை வச்சுச் சொல்றீக?” என்றார்.

சங்கரபாண்டியன் உற்சாகமானார். சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வளைந்த கம்பிகள் தொங்கின. ஒன்றில் சிவப்பு நூல்துண்டுகள் கொத்துக் கொத்தாக, மற்றதில் நீலம்.

“இதுதான் எங்க கணக்கு. லோடு எறக்கும்போதே ஒவ்வொரு மூட்டை காதுலயும் ஒரு நூலைக் கட்டிருவோம். மடைக்குன்னா சிவப்பு. மண்டபத்துக்குன்னா நீலம். மூட்டை லாரி ஏறுறப்ப அந்த நூலை அறுத்து இந்தக் கம்பியில மாட்டணும். எந்தக் கம்பியில எத்தனை நூலோ, அத்தனை மூட்டைச் செலவு அந்த வேலைக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஆளுகூட ஏமாத்த முடியாது பாருங்க.”

“எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு?” என்றாள் கோகிலாம்பாள்.

சங்கரபாண்டியன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மடைக்குன்னு கட்டின மூட்டையை அவசரத்துக்கு மண்டபத்துக்கு அனுப்புனா?” என்று அருஞ்சுனை கேட்டார்.

“சிவப்பை அறுத்து நீலத்தைக் கட்டணும். சரக்கு மாறுனா நூலும் மாறணும். மொதலாளியோட அப்பா காலத்துச் சட்டம். இப்பப் பாருங்க, செவப்புக் கம்பியில இருக்கிற நூலுக்கும் கொத்தனார் கைக்கு வந்த மூட்டைக்கும் நாற்பது இடிக்குது. நூலு அறுந்திருக்குன்னா மூட்டை குடோனை விட்டுப் போயிருக்கு. மடைக்குப் போகலைன்னா எங்க போச்சு?”

“கம்பியை எறக்குங்க.”

சிவப்புக் கம்பி மேஜைக்கு வந்தது. அருஞ்சுனை நூல்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அடியில் இருந்தவை விறைத்துக் கிடந்தன. சிமெண்டுத் தூசியும் லோடுமேன்களின் வியர்வையும் சேர்ந்து இறுகி, சிவப்பு செங்கல் நிறமாக மங்கியிருந்தது. தடவினால் விரலில் சாம்பல் ஒட்டியது. மேலே வர வர அப்படியேதான். கம்பியின் நுனிக்குப் பக்கத்தில் வந்ததும் விரல் வழுக்கியது.

அங்கே இருந்த நூல்கள் மெத்தென்று இருந்தன. சாயம் பளீரென்று இருந்தது.

கோகிலாம்பாள் எட்டிப் பார்த்தாள். அவர் காதருகே குனிந்து, “இதுகள்லாம் தலைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கு அண்ணாச்சி” என்றாள்.

“எண்ணு.”

அவள் எண்ணினாள். நாற்பதுதான்.

இந்த நூல்கள் எந்த மூட்டையிலும் ஏறினதில்லை. கட்டி, அறுத்து, அறுத்த மாதிரியே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். பழைய நாளாக இருந்தால் இந்த இடத்தில் அருஞ்சுனை ஒரு பீடி பற்றவைத்திருப்பார். இப்போது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நூலை எடுத்து முடிச்சைப் பார்த்தார்.

அடியில் இருந்த விறைத்த நூல்களில் எல்லாம் பருத்த இரட்டை முடிச்சு. ஆட்டுக்குட்டியைக் கட்டுகிறவன் போடுகிற முடிச்சு. பால்சாமி திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, ஆடு மாட்டோடு வளர்ந்தவன். மேலே இருந்தவற்றில் முடிச்சே தெரியவில்லை. அரிசி முனை அளவுக்குத் தட்டையாக, ஒட்ட நறுக்கி இருந்தது. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கிறவர்கள் போடுகிற முடிச்சு அது.

அந்த முடிச்சை அவருக்கு நன்றாகத் தெரியும். தங்கம்மாள் தறியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, திட்டிக்கொண்டே, கண்ணைக்கூடத் திருப்பாமல் அந்த முடிச்சைப் போடுவதை அவர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்திருக்கிறார். இப்போது அதைத் தொட்டதும் நெஞ்சில் ஏதாவது குத்தும் என்று எதிர்பார்த்தார். குத்தவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் கண்ணில் பட்டது. தங்கம்மாளின் முடிச்சில் நூலின் வால் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இதில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நாற்பதிலும் அப்படியே.

“என்ன அண்ணாச்சி, நூலு விக்கிறதா உத்தேசமா?” என்று சிரித்தார் சங்கரபாண்டியன்.

“இல்ல. சும்மா பாத்தேன்.” கம்பியைத் திருப்பிக் கொடுத்தார். “பால்சாமி, நீ எடுத்தியா?”

“இல்லைய்யா.” இத்தனை நேரத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை.

“அப்ப நூலு எப்படி வந்துச்சு?”

“தெரியலைய்யா. நான் மாட்டின நூலு இல்ல. கம்பியைக் கிட்டப் பாக்க விட்டாச் சொல்லிருவேன். விட மாட்டேங்கிறாக.”

“திருடன் கையில கணக்கைக் குடுப்பாகளா?” என்று எழுந்தார் சங்கரபாண்டியன். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். “வெறுங்கையோட போகக்கூடாது. நம்ம கடைக் காராச்சேவு. சாப்பிட்டுப் பாருங்க.” உருண்டையிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்துப் பொட்டலத்தைச் சுற்றிக் கட்டிக் கோகிலாம்பாளிடம் கொடுத்தார். “நூலை மட்டும் மறக்காமத் திருப்பிக் குடுத்துருங்கம்மா.”

“சேவை வேணும்னாலும் திருப்பித் தாரோம்” என்றாள் அவள்.

“ஐயோ, சேவு ஒங்களுக்குத்தான். நூலுதானேன்னு நெனச்சா நாளைக்கு நூலுக்கு எங்க போறது?”

அவர் விளையாடவில்லை. உண்மையாகவே சொன்னார்.

கோகிலாம்பாள் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பால்சாமியிடம் துணிமூட்டையை நீட்டினாள். “ஒங்க வீட்டுல குடுத்துவிட்டாக.”

பால்சாமி கை நீட்டுமுன் நடுவில் புகுந்து மூட்டையை வாங்கிக்கொண்டார் அருஞ்சுனை.

மூட்டையின் வாயைத் தறிக் கழிவு நூலால் சுற்றி முடிந்திருந்தாள் ராக்கம்மாள். முடிச்சு அரிசி முனை அளவுக்குத் தட்டையாக இருந்தது. வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“இதை இப்பக் குடுக்க வேண்டாம் கோகிலம்” என்றார். “வா.”

* * *

குடோனுக்கு எதிரே டீக்கடை. அதன் கீற்றுப் பந்தலுக்கடியில் ராக்கம்மாள் காத்திருந்தாள். மூட்டை திரும்பி வருவதைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

“வாங்க மாட்டேன்னுட்டாகளா?”

அருஞ்சுனை சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து அவள் முன் நீட்டினார். கம்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது உருவிவைத்துக்கொண்டது. “இது யார் போட்ட முடிச்சும்மா?”

ராக்கம்மாள் வாங்கிப் பார்த்தாள். “நான் போட்டது” என்றாள் சாதாரணமாக.

கோகிலாம்பாள் அந்த நூலையும் மூட்டை முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாருக்குப் போட்டுக் குடுத்த?”

“மானேஜரய்யாவுக்கு. நான் பக்கத்து வீட்டுத் தறிக்கு இழை முடியப் போறேன்ல. அவரு நூலை அனுப்பி, புது லோடு வருது, வளையமா முடிஞ்சு குடு, மூட்டைக் காதுல மாட்டிவிட்டா வேலை சுளுவுன்னாரு. இவுக போடுற முடிச்சு நழுவுதாம். நான் கேட்டேன்னு தெரிஞ்சா பால்சாமி மொறைப்பான், அவன்கிட்டச் சொல்லாதன்னாரு. சரின்னு சொல்லாமயே குடுத்துவிட்டேன்.” நூலைத் திருப்பிப் பார்த்தாள். “ஏன் அண்ணாச்சி? முடிச்சு சரியில்லையா?”

“எத்தனை முடிஞ்ச?”

“நாற்ப…”

வார்த்தை அவள் வாயிலேயே நின்றது. டீக்கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் இருந்த நூலைக் கீழே போடவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

“எங்க வீட்டுக்காரவுக கழுத்துல நானே முடிஞ்சிருக்கேன்” என்றாள்.

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். காரியாபட்டி பஸ்ஸு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அவள்தான் முதலில் எழுந்தாள். “வாங்க. மொதலாளி வந்ததும் நானே சொல்றேன்.”

“நீ சொன்னா மானேஜர் என்ன சொல்லுவாரு தெரியுமா?” என்றார் அருஞ்சுனை. தன் குரல் தட்டையாக வருவது அவருக்கே கேட்டது. “புருசன் சிமெண்டை வித்தான், பொண்டாட்டி நூலை முடிஞ்சு கணக்கை நேராக்குனா. அவ்வளவுதான். ஒனக்கும் சேத்து ஒரு மூட்டை கட்டணும்.”

“கட்டிக்கிறேன். ரெண்டு பேரும் சேந்தே போறோம்.”

கோகிலாம்பாள் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். “இரும்மா. ஜெயிலு எங்கயும் போயிராது. அண்ணாச்சி, எனக்கு ஒன்னு வெளங்கல. நூலு பொய்னா, மூட்டை எங்க?”

“மூட்டை எங்கயும் காணாமப் போகல. எல்லாரும் இல்லாத மூட்டையைத் தேடுறாங்க.” அவர் நீலக் கம்பியை நினைத்துக்கொண்டே பேசினார். “நாற்பது மூட்டையும் நீல நூலோட, பட்டப்பகல்ல, முறையா மண்டபத்துக்குத்தான் போயிருக்கு. போன பெறகு நீலக் கம்பியில இருந்து நாற்பது நூலை உருவியாச்சு. செவப்புக் கம்பியில புது நூலு நாற்பதை மாட்டியாச்சு. சரக்கு மாறல, செலவு மட்டும் மாறியிருக்கு. மண்டபச் செலவு கோட்டைச்சாமி பையில இருந்து போகணும். மடைச் செலவைச் சர்க்காரு குடுக்கும். அந்தக் கொத்தனாரு வாயத் தெறக்காம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தெறந்துட்டாரு. அதனால ஒரு திருடன் வேண்டியதாப் போச்சு.”

“அப்ப அந்த உருவின நீல நூலு கெடைச்சாப் போதும். சிமெண்டுத் தூசியோட விறைச்சுப் போயி இருக்கும். கம்பியில தவிர வேற எங்கயும் இருக்க வழியில்ல.”

“கெடைக்காது. எரிச்சிருப்பான்.”

கோகிலாம்பாள் இடுப்பில் கைவைத்தாள். “யாரு, அவரா? நூலை எரிக்கிற ஆளா அவரு?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் இடுப்பைப் பார்த்தார்கள்.

அவள் காராச்சேவுப் பொட்டலத்தை மெதுவாக எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். சுற்றியிருந்த நூல் துண்டு துண்டாக முடிச்சுப் போட்டுச் சேர்த்தது. வெள்ளை, காவி, அதற்கப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு மங்கிய நீலம். அருஞ்சுனை அதைத் தடவினார். விறைப்பாக இருந்தது. விரலில் சாம்பல் ஒட்டியது.

“நல்லவேளை அண்ணாச்சி,” என்றாள் கோகிலாம்பாள், “எனக்குப் பசிக்கல.”

* * *

பொழுது சாய்கிற நேரத்தில் ஜீப் வந்தது. கோட்டைச்சாமி இறங்கினார். வெள்ளை வேட்டி, அதட்டாத குரல். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள் ஒதுங்கி நின்றார்கள். பால்சாமி பலகையிலிருந்து எழுந்தான். ராக்கம்மாளை இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. அவள் கதவோரம் நின்றாள்.

“கேசு முடிஞ்சுதா?” என்று கேட்டார் கோட்டைச்சாமி.

“முடிஞ்சுது” என்றார் அருஞ்சுனை. “கோகிலம், அய்யாகிட்டக் கடன் வச்சிருக்கியே, அதைக் குடு.”

கோகிலாம்பாள் பொட்டலம் கட்டிய நூலைச் சங்கரபாண்டியனிடம் நீட்டினாள். “நூலைத் திருப்பிக் கேட்டீகளே.”

பழக்க தோஷம். சங்கரபாண்டியனின் முகம் மலர்ந்தது. நூலை வாங்கி, உருண்டையை எடுத்து, நுனியை முடிந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். மூன்றாவது சுற்றில்தான் எல்லோரும் தன் கையைப் பார்ப்பதைக் கவனித்தார்.

“சுத்துனது போதும்” என்றார் அருஞ்சுனை. “இப்ப அதை அவுப்போம்.”

உருண்டை அவர் கைக்கு வந்தது. தரையில் போட்டு நூலை இழுத்தார். வெள்ளை வந்தது. காவி வந்தது. பிறகு நீலம், நீலம், மறுபடி நீலம். துண்டுக்குத் துண்டு சாம்பல் தட்டி விறைத்துப்போன நீலம் குடோன் தரையில் சுருள் சுருளாக விழுந்தது. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் பருத்த இரட்டை முடிச்சு இருந்தது.

பால்சாமி குனிந்து ஒன்றை எடுத்தான். “இது என் முடிச்சு” என்றான்.

“எண்ணிப் பாக்கணுமா மானேஜரய்யா?” என்றாள் கோகிலாம்பாள். “நான் வேகமா எண்ணுவேன்.”

சங்கரபாண்டியன் முதலாளியைப் பார்த்தார். எல்லோரும் கோட்டைச்சாமியின் கோபத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் தரையில் கிடந்த நூலைச் செருப்பு நுனியால் தள்ளிப் பார்த்தார்.

“ஏய்யா சங்கரபாண்டி,” என்றார் அதே மெல்லிய குரலில், “செலவை அங்கிட்டு மாத்துன்னு ஒரு வார்த்தை சொன்னா, நூலை எரிக்கணும்னும் நான்தான் சொல்லித் தரணுமா?”

தகரக் கூரை வெயில் தணிந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டது.

அருஞ்சுனை இதை எதிர்பார்க்கவில்லை. திருடனைத் தேடும்படி சொன்ன ஆளேதான் செலவை மாற்றவும் சொன்னவர். “ஒங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“மண்டபம் கையைக் கடிக்குது. மடை சர்க்காரு வேலை. எல்லாரும் செய்றதுதான். கொத்தனாரு சர்க்காரு ஓவர்சியர்கிட்ட ஒளறிட்டான். அவருக்கு ஒரு பதில் சொல்லணும்ல?”

“அந்தப் பதிலு பால்சாமியா?”

“கேசு நிக்காதுய்யா. நாலு நாள்ல நானே வெளிய எடுத்திருப்பேன்.”

கோட்டைச்சாமி பொய் சொல்லவில்லை. எடுத்திருப்பார்தான். அவர் முகத்தை அருஞ்சுனை உற்றுப் பார்த்தார். வெட்கம் இல்லை, பயம் இல்லை. அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. சித்திரையிலிருந்து தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்று பிடிக்கவில்லை என்று தெரிவதே பல மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல்முறை.

“இந்த நூலை நான் எடுத்துக்கிறேன்” என்றார். “இங்க நிக்கிற அத்தனை பேரும் கேட்டுட்டாங்க. ஓவர்சியருக்கு யாரு பதில் சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

கோட்டைச்சாமி லோடுமேன்களைப் பார்த்தார். அவர்கள் கண்ணைத் தாழ்த்தவில்லை. வியாபாரி அல்லவா, நஷ்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை.

“சரி. நாளைக்கு ஓவர்சியர்கிட்ட நானே பேசிக்கிறேன். செவப்புல அந்த நாற்பதை எடுத்துட்டு, நீலத்துல வேற நூலு நாற்பது மாட்டு. எல்லாரும் கேட்டுக்கங்கப்பா, மூட்டை எதுவும் காணாமப் போகல. பால்சாமி, சாவியை எடு. லோடு பாதியில நிக்குது பாரு.”

அவ்வளவுதான். தண்ணீர் கொண்டுவா என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார்.

பால்சாமி மேஜையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தான். சுவரில் தொங்கிய இரண்டு கம்பிகளையும் பார்த்தான்.

“மொதலாளி.”

கோட்டைச்சாமி நின்றார்.

“சரக்கு மாறுனா நூலு மாறணும். அது சரி. நாற்பது நூலையும் பழையபடி மாட்டிருவீக. ஊரு என்னையத் திருடன்னு சொல்லுச்சே. எம் பிள்ளைக பள்ளிக்கூடம் போகல. இவ எனக்கு ஜெயிலுக்கு வேட்டி மடிச்சா. அந்தச் செலவை எந்தக் கம்பியில மொதலாளி மாட்டுறது?”

கோட்டைச்சாமி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். பால்சாமி சாவிக்கொத்தைச் சங்கரபாண்டியனின் மேஜைமேல் வைத்தான். அந்த உருண்டை இருந்து காலியான இடத்தில் அது சரியாக உட்கார்ந்தது.

* * *

திருச்சுழி பஸ்ஸுக்கு நான்கு பேரும் டீக்கடை முன்னால் நின்றார்கள்.

“நான்தான் முடிஞ்சேன்” என்றாள் ராக்கம்மாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “ஒங்ககிட்டச் சொல்லாம முடிஞ்சு குடுத்தேன்.”

“தெரியும். கம்பியை எறக்கும்போதே தூரத்துல இருந்து பாத்தேன். ஒன் முடிச்சு எனக்குத் தெரியாதா?”

“பெறகு ஏன் சொல்லல? கிட்டப் பாக்க விட்டாச் சொல்லுவேன்னு இவுககிட்டச் சொன்னீகளாமே.”

“நான் மாட்டினது இல்லைன்னு சொல்லுவேன். யாரு போட்டதுன்னு எதுக்குச் சொல்லணும்?”

ராக்கம்மாள் திரும்பி அவனைப் பார்த்தாள். இத்தனை நேரம் வராத அழுகை இப்போது வந்தது. மூட்டையை அவிழ்க்கப் போனாள். கண்ணீரில் முடிச்சு பிடிபடவில்லை.

“அவுக்காத” என்றான் பால்சாமி. “கட்டுனது கட்டுனபடியே இருக்கட்டும். எங்க ஊருக்குப் போயிருவோம். பக்கத்து வீட்டுல இருக்கிற பிள்ளைகளைக் காலையில வந்து கூட்டிக்கிறேன்.”

பஸ்ஸு வந்தது. ஜெயிலுக்கென்று கட்டிய மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ்ஸு போன பிறகும் புழுதி வெகுநேரம் அடங்கவில்லை.

கோகிலாம்பாள் கட்டு அவிழ்ந்த பொட்டலத்தை நீட்டினாள். “சாட்சியைப் பிடுங்கிக்கிட்டோம். மிச்சத்தையாவது தின்போம் அண்ணாச்சி.”

அருஞ்சுனை ஒரு சேவை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார். தொண்டைக்குள் எங்கேயோ ஆரம்பித்து மேலே ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

கோகிலாம்பாள் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிவந்து நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“உறைக்குது” என்றார் அருஞ்சுனை.